ஆடு மேய்ந்த இளவரசர்

கற்குறிச்சி என்றொரு ராஜ்யம். பெயருக்கேற்ற ஊர், தோண்டினாலும் கல், தோண்டாவிட்டாலும் கல். அதை ஆண்ட சொக்கலிங்க பூபதி நல்ல மனுஷர்தான். ஆனால் அயலார் வீட்டில் எதைப் பார்த்தாலும் மறுநாளே அது தன் வீட்டிலும் இருந்தாக வேண்டும்.

ஒருமுறை கடலோரத்து ராஜா வீட்டுக் கல்யாணத்துக்குப் போனார். அங்கே அரண்மனை முற்றத்திலேயே தென்னந்தோப்பு. நிழலில் ஊஞ்சல், கையில் இளநீர். பூபதிக்குக் கல்யாணச் சாப்பாடே இறங்கவில்லை. ஊர் திரும்பிய கையோடு சபையைக் கூட்டினார்.

"நம் முற்றத்திலும் தோப்பு வேண்டும். எவ்வளவு காலம் பிடிக்கும்?"

தென்னையைத் தேங்காயாக மட்டுமே பார்த்திருந்த சபை அது. விஷயம் தெரிந்தவர்கள் இரண்டே பேர். ஒருவர் சபை விகடர் குழைக்காதர், பிறந்தது கடலோரம். மற்றவர் பிரதானி அனந்தப்பர். குழைக்காதர் வீட்டில் ஒரு வற்றாத கிணறு உண்டு. அந்த வீட்டின் மேல் பிரதானிக்கு வெகுநாளாக ஒரு கண்.

"ஒரு மாதம் போதும், மகாராஜா!" என்றார் பிரதானி. "இந்தப் பௌர்ணமிக்குத் தென்னம்பிள்ளை வைத்தால் அடுத்த பௌர்ணமிக்கு இளநீர். குழைக்காதர் கைபட்டால் போதும்."

"மகாராஜா, அது வருஷக்கணக்கில்..." என்று வாயெடுத்தார் குழைக்காதர்.

"பார்த்தீர்களா, சாக்குச் சொல்கிறார்! மனமில்லாதவருக்கு இந்த ஊரில் வீடெதற்கு, கிணறெதற்கு?"

ராஜாவுக்கு அது நியாயமாகப் பட்டது. "அடுத்த பௌர்ணமிக்கு இளநீர் வராவிட்டால் உம் வீடு பிரதானிக்கு. நீர் நாட்டைவிட்டுக் கிளம்பலாம்."

குழைக்காதர் கைகட்டிக் குனிந்தார். "உத்தரவு, மகாராஜா. ஒரே ஒரு சந்தேகம். முற்றத்தில் வைக்கப்போவது யார் பிள்ளை?"

"என்ன கேள்வி ஐயா இது? என் வீட்டில் வளர்வது என் பிள்ளைதான்!"

"முரசறைந்து ஊருக்குச் சொல்லிவிடலாமா?"

"தாராளமாக!"

கடலோரத்திலிருந்து வண்டியில் தென்னம்பிள்ளைகள் வந்தன. குழைக்காதர் குழிவெட்டி, மணலும் சாம்பலும் உப்பும் போட்டு நட்டார். அதுவரைதான் அது தோட்ட வேலை. அதற்குப் பிறகு அரண்மனைக்கே பைத்தியம் பிடித்தது.

ராஜா வீட்டுப் பிள்ளை என்றால் சும்மாவா? பெயர்சூட்டு விழா நடந்தது. மூத்த கன்றுக்கு ராஜகம்பீர பூபதி என்று பெயர். ஜோசியர் ஜாதகம் கணித்து, "ஐயாவுக்கு உயரமான இடம் காத்திருக்கிறது" என்றார். வெயில் படக்கூடாதென்று வெண்கொற்றக் குடை பிடித்தார்கள். வெயில் படாததால் பிள்ளை வாடியது. கண்ணேறு என்று சொல்லிப் பூசணிக்காய் உடைத்தார்கள். வைத்தியர் ஓலையைப் பிடித்து நாடி பார்த்துவிட்டு, "தண்ணீர் அதிகம், சளி கட்டியிருக்கிறது" என்று மிளகுக் கஷாயம் ஊற்றினார். பட்டத்து யானை தினமும் வந்து தும்பிக்கையைத் தூக்கிச் சலாம் வைத்தது. சபைக்கு வருகிறவர்கள் இளவரசர்களை வணங்கிவிட்டுத்தான் உள்ளே நுழைய வேண்டும். பிரதானியும் பல்லைக் கடித்துக்கொண்டு குனிந்தார். பௌர்ணமிக்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று அவருக்குள் ஒரு குஷி.

பௌர்ணமியும் நெருங்கிவிட்டது. பிள்ளைகள் முழங்கால் உயரத்தைத் தாண்டவில்லை. குழைக்காதரின் மனைவி பாத்திரங்களைச் சாக்கில் கட்டவே ஆரம்பித்துவிட்டாள். பாவம், கிணற்றடியில் நின்று ஒரு பாட்டம் அழுதும் தீர்த்தாள். அதைப் பார்த்த குழைக்காதருக்கு மனசு தாங்கவில்லை. விறுவிறுவென்று அரண்மனைக்குப் போனார்.

பிரதானியிடம் ஒரு செல்லக்கிடா உண்டு. கழுத்தில் வெள்ளிமணி கட்டிக்கொண்டு ஊரெல்லாம் மேயும். பிரதானி வீட்டுக் கிடாவை விரட்ட யாருக்குத் துணிச்சல்? அன்று மத்தியானம் முற்றத்துப் பின்கதவு எப்படித் திறந்து கிடந்தது என்று என்னைக் கேட்காதீர்கள். குழைக்காதரைக் கேளுங்கள்.

"ஐயோ! மூத்த இளவரசரை ஆடு மேய்ந்துவிட்டது!" என்று காவலன் அலறினான்.

சபையே எழுந்து நின்றது. ராஜா நெஞ்சைப் பிடித்துக்கொண்டார். "யார் வீட்டு ஆடு?"

பதில் சொல்ல வேண்டிய அவசியமே இல்லை. வாயில் பாதி ராஜகம்பீரத்தோடு, மணி குலுங்கக் கிடாவே சபைக்குள் நடந்து வந்தது.

"பட்டத்துக்குரிய பிள்ளை, மகாராஜா!" என்று தலையில் அடித்துக்கொண்டார் குழைக்காதர். "ராஜகுமாரனைக் கொன்றால் கழுமரம் என்பது நம் சட்டம். ஆட்டுக்குச் சட்டம் புரியாது. ஆட்டுக்காரருக்குப் புரியும்."

பிரதானி தடாலென்று காலில் விழுந்தார். "மகாராஜா! அது பிள்ளையில்லை! செடி! வெறும் செடி!"

"செடி என்று நிரூபித்தால் உயிர் பிழைக்கட்டும், மகாராஜா" என்றார் குழைக்காதர், பெரிய மனசு பண்ணி. "சொல்லும் பிரதானியாரே, அந்தச் செடி நட்டு எத்தனை காலத்தில் காய்க்கும்?"

அந்த வற்றாத கிணறு பிரதானியின் கண்முன் வந்தது. கூடவே கழுமரமும் வந்தது.

"ஆறு வருஷம்! ஏழும் ஆகலாம்!"

"ஒரு மாதத்தில்?"

"ஒரு மாதத்தில் வேர்கூடச் சரியாகப் பிடிக்காது, மகாராஜா! சத்தியம்!"

கிடா நிதானமாக மென்றுகொண்டிருந்தது. ராஜா பிரதானியைப் பார்த்தார், குழைக்காதரைப் பார்த்தார். பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தார்.

"கெடு ரத்து! வீடு உமக்கே, குழைக்காதரே!" என்று தன் முத்துமாலையைக் கழற்றி அவர் கழுத்தில் போட்டார். "அனந்தப்பரே, இனி இளநீர் வரும்வரை மற்ற பிள்ளைகளுக்கு நீரே தண்ணீர் ஊற்றும். குழைக்காதர் வீட்டுக் கிணற்றிலிருந்து சுமந்து வந்து ஊற்றும்!"

சபை கலைகிற நேரம் ராஜாவுக்கு ஒரு யோசனை. "ஆமாம் குழைக்காதரே, பிரதானி உயிருக்குத் துணிந்து, 'பிள்ளைதான்' என்று ஒப்புக்கொண்டிருந்தால் என்ன செய்திருப்பீர்? உமக்குக் கெடு அப்படியே இருந்திருக்குமே?"

"அப்போதும் வீடு போயிருக்காது, மகாராஜா. பிரதானியின் மகனுக்கு வயது முப்பது. மூன்று வேளையும் நெய் ஊற்றித்தான் வளர்க்கிறார். அந்தப் பிள்ளையே இன்னும் ஒன்றும் காய்க்கவில்லை. போன மாதம் வந்த பிள்ளையிடம் போய் இளநீர் கேட்கலாமா?"