மொட்டைப் பனையும் கரிச்சானும்

பறவைகள் பேசிக்கொண்டிருந்த அந்தக் காலத்தில் ஏரிக்கரையில் ஓர் அரசு இருந்தது. சட்டம் போடுவது கொக்குகளின் சபை. வழக்கைத் தீர்ப்பது ஆந்தை. காவலும் ஆட்சியும் மொட்டைப் பனையின் உச்சியில் உட்காருபவருக்கு.

அந்த இடத்துக்குப் பருந்தைத் தேர்ந்தெடுத்தார்கள். போட்டியிட்டுத் தோற்ற கரிச்சானுக்கு அன்றிலிருந்து இரை இறங்கவில்லை. எதிரே இருந்த கருவேல மரத்தில் உட்கார்ந்து பனையையே பார்த்துக்கொண்டிருக்கும். பருந்து சிறகு கோதினால்கூட, "இதெல்லாம் ஓர் அரசன்" என்று முணுமுணுக்கும்.

"பொழுதுக்கும் அங்கேயே என்ன பார்வை? ஒரு பூச்சியாவது பிடித்து வரக் கூடாதா?" என்றது அதன் துணை.

"அந்தப் பனை எனக்கு எவ்வளவு பொருந்தும் தெரியுமா?"

"உன் உடம்புக்கு ஆமணக்குச் செடி போதும்."

கோடையில் ஏரி வற்றியது. மீன் இல்லை. கூடுகளின் பக்கம் அரசன் போகக் கூடாது என்பது சபையின் சட்டம். "பஞ்சத்தில் சபையைக் கேட்டுக்கொண்டிருக்க முடியுமா?" என்று சொல்லிவிட்டுப் பருந்து தவிட்டுக்குருவியின் கூட்டுக்குள் காலை விட்டு ஒரு குஞ்சைத் தூக்கியது. கொக்குகள் கழுத்தை உள்ளே இழுத்துக்கொண்டன. ஆந்தை, "இது தவறு" என்றது. பருந்து திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

கரிச்சான் பாய்ந்தது. குஞ்சின் மேல் இரக்கம் என்று சொல்ல முடியாது. அந்தப் பிடரியைக் கொத்த வேண்டும் என்று அதற்கு நெடுநாள் ஆசை. கொத்தியது. பெரிய சிறகை வைத்துக்கொண்டு பருந்தால் சட்டென்று திரும்ப முடியவில்லை. மறுபடியும் கொத்தியது. பருந்து குஞ்சை விட்டுவிட்டு ஏரிக்கு அப்பால் பறந்தது.

கரிச்சான் நேரே பனை உச்சிக்குப் போய் உட்கார்ந்தது. அங்கிருந்து ஏரி முழுவதும் தெரிந்தது. தொண்டையைச் சரிசெய்துகொண்டு, "இனிமேல்..." என்று தொடங்கியது.

"இறங்கு" என்றது ஆந்தை.

"துரத்தியது நான்தானே?"

"அதனால்தான் சொல்கிறேன். பாம்பு வந்தால் தூக்கிப் போகப் பருந்து வேண்டும், அது திரும்பி வரட்டும். கூட்டுப் பக்கம் வந்தால் நீ கொத்து. நீயே அங்கே உட்கார்ந்துவிட்டால் உன்னை யார் கொத்துவது? இவ்வளவு வயிற்றெரிச்சல் உள்ள இன்னொரு பறவைக்கு நாங்கள் எங்கே போவது?"

கொக்குகள் சிரித்தன. கரிச்சான் இன்னொரு முறை ஏரியைப் பார்த்துவிட்டு இறங்கி வந்தது. அது உட்கார்ந்த கருவேல மரத்தின் கீழ்க்கிளைக்குத் தவிட்டுக்குருவி தன் குடும்பத்தோடு குடிவந்தது.

அந்தக் கோடையிலிருந்துதான், தன்னைவிடப் பல மடங்கு பெரிய பருந்தைக் கரிச்சான் விரட்டி விரட்டிக் கொத்துகிறது. பருந்து கூடுகளின் எல்லையைத் தாண்டியதும் விட்டுவிட்டுத் தன் கிளைக்கே திரும்பி, மறுபடியும் பார்க்கத் தொடங்குகிறது.