காது பார்த்துப் போட்ட சோறு

துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு குடியிருப்பு இருந்தது. அதன் பின்புறம், தண்ணீர்த் தொட்டியடியில், அன்று காலை கூடியிருந்தவர்கள் இவர்கள்: ஓர் அலுமினியத் தட்டு, ஓர் இரும்புக் கூண்டு, சுவரில் அப்போதுதான் ஒட்டிய ஓர் அறிவிப்பு, யாருக்கும் சொந்தமில்லாத ஆறு பூனைகள், வாளி நிறைய மீன் தலையும் சோறுமாக ஜெனோவா அக்கா, குடியிருப்புச் சங்கச் செயலாளர் சிவஞானம்.

பூனைகளில் நான்குக்குக் கருத்தடை ஆபரேஷன் முடிந்திருந்தது. அதற்கு அடையாளமாக இடது காதின் நுனியை வெட்டியிருந்தார்கள். சாம்பல் பூனைக்கும் செவலைக்கும் காது முழுசாக இருந்தது. சாம்பல் சினையாக இருந்தது.

அறிவிப்பு தொண்டையைச் செருமிக்கொண்டு தன்னைத் தானே வாசித்தது. "காது வெட்டிய பூனைக்கு மட்டும் உணவு. காது வெட்டாத பூனைக்கு உணவு கிடையாது. மீறினால் அபராதம்."

"கேட்டீங்களாக்கா? நான் சொல்லல, அது சொல்லுது," என்றார் சிவஞானம்.

"கேட்டேன் தம்பி. வயித்துப் புள்ளைக்காரிய வெரட்டணும்னும் அதுவே சொல்லுதா?"

"அதான் கூண்டு வாங்கிக் குடுத்திருக்கோமே! புடிச்சு ஆபரேஷன் பண்ணிட்டாக் காதும் ஆச்சு, சோறும் ஆச்சு."

தட்டுக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்தது. ஆனால் கூண்டு வாயைத் திறந்து வைத்துக்கொண்டு ஒரு சந்தேகம் கேட்டது.

"எனக்குள்ள ஒரு கருவாடாவது வைக்கணுமே. வெறுங்கம்பிக்குள்ள எந்தப் பூனை வரும்?"

"காது வெட்டாத பூனைக்குக் கருவாடும் உணவே," என்றது அறிவிப்பு.

"சரி, காதை வெட்டிட்டு வைக்கலாமா?"

"வெட்டுவதற்கு முதலில் பிடிக்க வேண்டும்."

"பிடிக்கிறதுக்கு?"

அறிவிப்பு தன்னை மறுபடி மேலிருந்து கீழ்வரை வாசித்துப் பார்த்தது. "அது என்னில் எழுதப்படவில்லை."

தட்டுக்குத் தலை சுற்றியது. சிவஞானம்தான் வழி கண்டுபிடித்தார். கருவாட்டைப் பிளாஸ்டிக் பையில் இறுகக் கட்டிக் கூண்டுக்குள் தொங்கவிட்டார். வாசனை மட்டும் உணவாகாது என்பது அவர் கணக்கு. சாம்பல் வந்தது, வாசலில் நின்று முகர்ந்தது, கூண்டை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுப் போய்விட்டது.

"என்னை வச்சு வேடிக்கை காட்டுறாங்க," என்று கூண்டு முனகியது.

அன்றிலிருந்து நான்கு பூனைகள் தின்றன, இரண்டு பார்த்தன. ஜெனோவா அக்கா கையில் விளக்குமாறு இருந்தது. சாம்பல் கிட்டே வந்தால் தரையில் ஓங்கித் தட்டிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்வார். அந்த அடி தன்மேலேயே விழுந்தாற்போல் தட்டு அதிரும். நேற்றுவரை சாம்பலின் வாய் பட்ட இடம் இது. இன்று ஏன் இல்லை? அவளிடம் ஒன்றும் குறைந்ததாகத் தட்டுக்குத் தெரியவில்லை. குறையாததுதான் தப்போ?

சாம்பல், காது வெட்டிய வெள்ளைக் கிழவனிடம் போய்க் கேட்டாள். "தாத்தா, காதை எங்கே குடுத்தீங்க?"

"எனக்கென்ன தெரியும்? தூங்கி எழுந்தேன். காதைக் காணோம், சோறு இருந்துச்சு."

சாம்பல் செவலையிடம் வந்து தலையைச் சாய்த்தாள். "கடி."

"பைத்தியமா நீ? வலிக்கும்."

"பசியைவிடவா? கடிடா. அப்புறம் உனக்கு நான் கடிக்கேன்."

மறுநாள் காலை ஆறு பூனைகளும் தட்டைச் சுற்றி உட்கார்ந்திருந்தன. ஜெனோவா அக்கா இரண்டு காதுகளில் காய்ந்திருந்த ரத்தத்தைப் பார்த்தார். விளக்குமாற்றைச் சுவரில் சாத்தினார். இரண்டு மீன் தலை கூடுதலாகப் போட்டார்.

சிவஞானம் வந்து காதுகளை எண்ணினார். "ஆறுக்கு ஆறு! பாத்தீங்களாக்கா, சட்டம்னு ஒண்ணு போட்டாத் தன்னால நடக்குது."

"அந்தச் சாம்பல் வயித்தப் பாருங்க தம்பி."

"ரெண்டு நாள் பட்டினிக்குச் சேத்துத் தின்னிருக்கும்."

"வயிறு என்னில் எழுதப்படவில்லை," என்றது அறிவிப்பு.

அன்றே கூண்டை ஸ்டோர் ரூமுக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். "நான் யாரையும் பிடிக்கவே இல்லையே!" என்று போகிற வழியெல்லாம் அது கத்தியது. யாரும் கேட்கவில்லை. தட்டு கேட்டது. ஆனால் தட்டுக்கு ஏந்த மட்டும்தான் தெரியும்.

சில நாட்களில் தொட்டிக்குப் பின்னால், சாக்குமேல், சாம்பல் நான்கு குட்டி போட்டாள். குட்டிகள் பால் குடித்தன, வளர்ந்தன. ஒரு காலை, நடை பழகிய தெம்பில் நான்கும் உருண்டு புரண்டு தட்டுவரை வந்துவிட்டன.

ஜெனோவா அக்காவின் கை வாளியிலேயே நின்றது. "தம்பி, இதுக்கு என்ன சொல்லுது சட்டம்?"

சிவஞானம் சுவரைப் பார்த்தார். அறிவிப்பு குட்டிகளின் காதுகளைப் பார்த்தது. பூ இதழ் போல எட்டும் நிமிர்ந்து நின்றன.

"இவற்றுக்கு உணவு கிடையாது," என்றது.

தட்டு அறிவிப்பையும் குட்டிகளையும் மாறி மாறிப் பார்த்து விழித்தது. அதற்குள் சாம்பல் மூத்த குட்டியை முன்னங்காலால் அணைத்தாள். அதன் இடது காதை நக்கினாள். நன்றாக, நிதானமாக, நுனிவரை நக்கினாள். பிறகு வாயைத் திறந்தாள்.

மிச்சம் ஏழு காது.