ஏரிக்குள்ள நான் போட்ட கோல்ஃப் மைதானம்

"ஒன்பதாவது குழி வரைக்கும் தண்ணி வந்துடுச்சு, மதகைத் திறடா" என்று மைதானத்துத் தண்ணியில் நின்றபடி பரந்தாமன் சார் கத்தினார். ஷூ ரெண்டும் கையில். பேன்ட் முட்டிக்கு மேலே சுருண்டிருந்தது. காஞ்சு கிடந்த எங்க ஏரியைக் குத்தகைக்கு எடுத்துப் புல் போட்டு, "இயற்கையோடு இணைந்த கோல்ஃப் மைதானம்" என்று போர்டு வைத்த கம்பெனிக்கு அவர்தான் மேனேஜர்.

நாலஞ்சு நாளா விடாத மழை. இப்ப மதகைத் திறந்தால் தண்ணீர் வடிந்து கடலுக்குப் போகும், அவர் புல் பிழைக்கும். திறக்காட்டி ஏரி நிறையும், மூணு வருஷமா சும்மா கிடந்த கழனியில் தேசம்மா அத்தை நெல் நடுவாள். இந்த வருஷம் மதகு பார்க்கிற முறை எங்க வீட்டுக்கு. முறைக்காரன் இருக்கும்போது வேற யாரும் மதகில் கை வைக்க மாட்டார்கள். அது எங்க ஊர் வழக்கம். ஊரே கரைமேல் கை கட்டி நின்றது.

நான் மதகுக் கல்லில் உட்கார்ந்திருந்தேன். "திறக்கிறேன் சார். அதுக்கு முன்னாடி ஒரு விஷயம். இந்த மைதானத்தை டிசைன் பண்ணதே நான்தான், தெரியுமா?"

"பெங்களூர் இன்ஜினியருடா."

"அவர் படம் போட்டாரு. மூளை என்னுது. பதினெட்டுக் குழிக்கு இடம் பத்தலன்னு புளியமரத்தடியில குந்தி அழுதாரு. என் துண்டைக் குடுத்துக் கண்ணைத் தொடைக்கச் சொன்னேன். எதுக்கு சார் பக்கத்துல பக்கத்துல வெட்டறீங்க, ஒண்ணுக்குக் கீழ ஒண்ணா வெட்டுங்க, மெட்ராஸ்ல மாடி கட்டறாப்பல. ஒரு தட்டு தட்டினா பந்து பதினெட்டுக் குழியும் முடிச்சிட்டுப் போயிடும், ஒரு சென்ட் இடம் போதும்னேன்."

ஏகாம்பரம் மாமா காதிலிருந்த பீடியை எடுத்தார். "அதுக்குப் பேரு போர்வெல்லுடா லோகு. ஊர்ல எல்லாரும் போட்டு வெச்சிருக்கோம். தண்ணிதான் வரல."

"கேளு மாமா. புல்லுக்குத் தண்ணி ஆகுமேன்னாரு. நான் ஒட்டகத்தையும் அறுகம்புல்லையும் ஒட்டுக்கட்டினேன். சித்திரையில ஒரு வாய் குடிச்சா அடுத்த சித்திரை வரைக்கும் தாங்கும். திமிலு மட்டும் வரும். மைதானத்துல மேடு மேடா இருக்கே, வேற இன்னான்னு நெனச்சீங்க?"

"அப்ப ராவும் பகலும் மோட்டார் போட்டு என் கிணத்துக்கு ஊறுற தண்ணிய உறிஞ்சினது எது?" என்றாள் தேசம்மா அத்தை.

"அது புல்லு இல்ல அத்தை. சாரு."

சார் பேன்ட்டை இன்னும் மேலே சுருட்டினார். தண்ணீர் அவர் முட்டியைத் தொட்டிருந்தது.

"அப்புறம் மணல் பள்ளம். பந்து உள்ள விழுந்தா ஆடறவன் முழிக்கணும், அதுக்கு. ஜேசிபி விட்டா பூமி நோகும்னு நான் குழியானை பிடிச்சேன். மாட்டுக்கொட்டாய் ஓரமா மண்ணுல குழி பறிச்சு எறும்புக்குக் காத்திருக்குமே, அந்தப் பூச்சி. புண்ணாக்கு வெச்சு வளர்த்தேன். யானைக்குட்டி சைசுக்கு வந்துடுச்சு. பின்பக்கமாவே நடந்து ஒரே நாள்ல எல்லாப் பள்ளமும் பறிச்சுது."

"குழியானை புண்ணாக்குத் தின்னுமா?" மாமாவுக்கு அதுதான் சந்தேகம்.

"ஊறவெச்சா தின்னும். போன மாசம் பேட்டரி வண்டி ஒண்ணு காணாமப் போச்சே சார், அதையும் தின்னுடுச்சு. பேட்டரியை மட்டும் துப்பிடுச்சு. அது மண்ணுக்குக் கெடுதல்னு பூச்சிக்குக்கூடத் தெரியுது."

தண்ணீர் அவர் இடுப்புக்கு வந்தது. கொடிக்கம்புகள் ஒவ்வொன்றாக முங்கின. ஒரு கொக்கு வந்து "புல்லில் நடக்காதீர்" போர்டு மேல் உட்கார்ந்தது.

"இவ்வளவு பெரிய டிசைனருக்கு ஏரியில தண்ணி நிக்கும்னு தெரியாதாடா?" என்றார் சார்.

"தெரியும் சார். பங்குனியில வந்து அளந்தது நீங்க. மைதானம்னா அழகுக்கு ஒரு குளம் வெப்பாங்க இல்ல? அதைத் தனியா வெச்சா இடம் வீணாப் போகும். அதான் மைதானத்து மேலயே வெச்சிட்டேன். இதுக்கு மேல இடத்தை மிச்சம் பண்ண எவனாலயும் முடியாது."

கலங்கல் பக்கம் தண்ணீர் வழிந்து விழும் சத்தம் கேட்டது. ஏரி நிறைந்துவிட்டது. தேசம்மா அத்தை புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு கழனிப் பக்கம் நடந்தாள்.

சார் கரையேறி வந்தார். ஒரு ஷூதான் கையில் இருந்தது. "மதகுச் சாவி எங்கடா?"

நான் உட்கார்ந்திருந்ததே அதன் மேல்தான். இன்னும் எழுந்திருக்கவில்லை.

காலையிலிருந்து அவர் சொன்னது ஒரே ஒரு வேலை. மதகைத் திறக்கணும். திறக்கல.