டிக்கியில் இரண்டு பள்ளம்

"மேஸ்திரியம்மா, காரு ஓடுது. தம்பிதான் ஏற மாட்டேங்கான்."

ஜெசிந்தா தன் பட்டறையில் ஒரு ஜீப்புக்கு அடியில் கிடந்தாள். வெளியே தெரிந்தவை இரண்டு பாதங்கள். குலசேகரன் அந்தப் பாதங்களைப் பார்த்துத்தான் முறையிட்டார்.

பாளையங்கோட்டையில் பாத்திரக்கடை வைத்திருப்பவர் அவர். தலை முழுக்க நரைத்த பிறகு, தன்னைவிட இருபது வயது இளையவளிடம் சிஷ்யனாகச் சேர்ந்தார். அப்பாவின் பழைய காரைத் தன் கையாலேயே உயிர்ப்பிக்க வேண்டும் என்று வைராக்கியம். முருங்கை மரத்தடியில் அது கிடந்த காலத்தில் ஒரு கோழி அதற்குள் அடைகாத்து, குஞ்சு பொரித்து, அந்தக் குஞ்சுகள் வழியே பேரன் பேத்தியும் எடுத்துவிட்டது. இப்போதோ ஹாரன் அடித்தால், தாமிரபரணிக்கு அக்கரையில் மேய்கிற எருமை ஒதுங்கி வழிவிடும்.

"தம்பி என்ன சொல்லுதாரு?" என்றன பாதங்கள்.

"கல்யாணத்துக்கு வாரேன், மாப்பிள்ளை அழைப்புக்கும் வாரேன், ஆனா காருக்குப் பின்னால நடந்து வாரேங்கான். என் பொண்ணோட சித்தப்பன் முன்சீட்டுல உக்காராம பின்னால நடந்து வந்தா, பாக்குதவன் என்ன நெனைப்பான்? சீட்டுக்குப் புதுத் தோல் தச்சாச்சு. கண்ணாடி புதுசு. இன்னும் இவனுக்கு என்ன குறை?"

"டிக்கியைப் பாத்தியளா?"

"அதை ஏன் கேக்கிய!"

டிக்கி மூடியின் அடி ஓரத்தில் இரண்டு பள்ளங்கள். சாயங்காலம் தட்டி நிமிர்த்துவார். பட்டி பூசி, தேய்த்து, பெயிண்டும் அடிப்பார். காலையில் வந்து பார்த்தால் பட்டி தரையில் உதிர்ந்து கிடக்கும். பள்ளங்கள் இரண்டும் ஒன்றும் தெரியாத பிள்ளைகள் மாதிரி பழைய இடத்திலேயே இருக்கும்.

"நீங்க ஒரு தட்டு தட்டுங்க மேஸ்திரியம்மா. உங்க சுத்தியலுக்குப் பயந்து நிமிர்ந்திரும்."

"தட்ட மாட்டேன்."

"ஏன்?"

அவள் ஜீப்புக்கு அடியிலிருந்து வெளியே வந்தாள். காரின் பானெட்டைத் திறந்து புதுப் பேட்டரியைக் கழற்றினாள். மூலையில் கிடந்த ஒரு செத்த பேட்டரியைத் தூக்கி மாட்டினாள். போய் ஸ்டியரிங் முன்னால் உட்கார்ந்துகொண்டாள்.

"தள்ளுங்க."

"நானா?"

"பேட்டரி செத்துப்போச்சுல்லா."

"நீங்கதான கொன்னிய!"

"தள்ளுங்க அண்ணாச்சி."

வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு போய் டிக்கியின் மேல் கைவைத்தார்.

"அங்க இல்ல. கீழ."

குனிந்தார்.

"இன்னும் கீழ."

முட்டி மண்ணில் பட்டது. உள்ளங்கைகள் இரண்டு பள்ளங்களையும் தொட்டன. அமுக்கிப் பார்த்தார். விரல்கள்தான் இறங்கின. உள்ளங்கை இறங்கவில்லை.

"என் கை கொள்ளலையே."

"யாரு கை கொள்ளும்?"

குலசேகரன் பள்ளங்களை மறுபடி தடவினார்.

அப்பா காலத்திலும் இந்தக் காருக்குப் பேட்டரி நின்றதில்லை. பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பும்போது ஸ்டியரிங்கில் அப்பா. முன்சீட்டில் மூத்தவன். இளையவன் பின்னால் நின்று, டிக்கியின் அடி ஓரத்தில் சின்ன உள்ளங்கைகளை ஊன்றித் தள்ளுவான். புகையைக் கக்கிக்கொண்டு கார் கிளம்பிவிட்டால் அப்பா நிறுத்த மாட்டார்.

"நிறுத்துனா ஆஃப் ஆயிரும்."

தள்ளியவன் புகைக்குள் ஓடி வருவான். இந்தத் தெருமுக்கைத் தாண்டிச் சாய்ந்து நிற்கும் புளியமரம் வரைக்கும் ஓடி வருவான். அப்புறம் நடப்பான். லேட்டாக வந்ததற்குப் பள்ளிக்கூடத்தில் அடி வாங்குவான்.

மூத்தவன் சீட்டில் முட்டிபோட்டுத் திரும்பி உட்கார்ந்து, பின் கண்ணாடி வழியாக அவனைப் பார்த்து நாக்கைத் துருத்துவான்.

தினமும்.

"தம்பி விளையாடுதான்னுல்லா நெனச்சேன்" என்றார் குலசேகரன்.

"அவரும் அப்படித்தான் நெனச்சாராமா? எதிர்த்த மில்லுல நின்னு இந்த டிக்கியையேதான பாக்காரு."

போன வாரம் தம்பி வீட்டுக்குத் தாம்பூலத்தட்டோடு போனபோது, சம்பந்தி முன்னாலேயே தான் பெருமையடித்தது குலசேகரனுக்கு நினைவுக்கு வந்தது. "எங்க வீட்டுல ஒருத்தர் பாக்கியில்லாம ஏறுன காரு இது." தம்பி சிரித்துக்கொண்டே காப்பி ஆற்றிக் கொடுத்தான்.

காதுமடல் சுட்டது. இந்த வயதில், பட்டப்பகலில், காரின் பின்பக்கத்தைப் பார்த்து முட்டிபோட்டுக் கிடக்கிறோம் என்பதுகூட அவருக்கு உறைக்கவில்லை.

எழுந்தார். முட்டியில் ஒட்டிய மண்ணைத் தட்டவில்லை. தெருவைக் கடந்தார். எதிரேதான் தம்பி ஆவுடையப்பனின் மாவு மில். இமை வரைக்கும் மாவு படிந்து நின்றான்.

"டேய், காரு ஓட்ட ஒரு ஆள் வேணும்."

"ஏன், நீ ஓட்ட வேண்டியதுதான?"

"நான் தள்ளணும்."

மில் ஓடிக்கொண்டிருந்தது. ஆவுடையப்பன் அண்ணனின் முகத்தைப் பார்க்கவில்லை. முட்டியைப் பார்த்தான். பிறகு மில்லை நிறுத்தினான். துண்டை எடுத்துக் கையைத் துடைத்தான். ஒவ்வொரு விரலாகத் துடைத்தான்.

அவர்கள் பட்டறைக்கு வந்தபோது ஜீப்புக்கு அடியில் மறுபடியும் இரண்டு பாதங்கள் மட்டும் தெரிந்தன.

ஆவுடையப்பன் காரின் கதவைத் தடவினான். கைப்பிடியை மேலே தூக்கிப் பார்த்தான், கீழே அமுக்கிப் பார்த்தான். மில் வேனைத் தினமும் ஓட்டுகிறவனுக்கு இந்தக் கதவை எப்படித் திறப்பது என்று தெரியவில்லை.

குலசேகரன் திறந்துவிட்டார். தலையை நிமிர்த்தாமலே திறந்துவிட்டார்.

பிறகு பின்னால் போய்க் குனிந்து, பள்ளங்களில் விரல்களை ஊன்றித் தள்ளினார். கார் நகர்ந்தது. இருமியது. வாய் நிறையப் புகையை அவருக்குக் கொடுத்துவிட்டுப் பாய்ந்தது.

டிரைவர் ஜன்னல் வழியாக ஒரு வெள்ளை முகம் வெளியே வந்து திரும்பிப் பார்த்தது. அதில் நாக்கு மட்டும் செக்கச்செவேலென்று நீண்டது.

குலசேகரன் ஓடினார். ஒரு செருப்பு கழன்றது. இன்னும் கொஞ்சம் ஓடினார். நின்றார். கார் தூசிக்குள் போய்விட்டது.

சரி, என்று நினைத்துக்கொண்டார். ஒற்றைச் செருப்போடு நடந்தார்.

முக்குத் திரும்பினால், அந்தப் புளியமரத்தடியில் கார் நின்றுகொண்டிருந்தது. இன்ஜின் ஒரு தடவை விக்கிவிட்டு அடங்கியது.

"ஏன்டே நிறுத்துன? ஆஃப் ஆயிட்டே!"

முன்சீட்டுக் கதவு உள்ளேயிருந்து திறந்தது.

"ஆகட்டும். ஏறுண்ணே."