ராஜா பேச்சுக்குப் பண்டிதர் பொருள்

சுமேகபுரி ராஜா தண்டசேனன் வாள்வீச்சில் புலி. வடமொழியில் ஒரு வார்த்தை தெரியாது. ஊர் பேசும் பாகதம்தான் அவருக்கும் வாய்மொழி. இது அரண்மனையில் எல்லோருக்கும் தெரியும். சொல்லத்தான் ஆள் இல்லை. உயிர்மேல் யாருக்குத்தான் ஆசையில்லை?

அவருடைய வீரத்தையும் காதலையும் ஆஸ்தான பண்டிதர் வேதகோஷர் நாடகமாக எழுதினார். நாடகத்தில் ராஜா வடமொழிதான் பேசவேண்டும், பெண்களும் வேலைக்காரர்களும் பாகதம் பேசலாம் என்பதில் பண்டிதர் மகா கண்டிப்பு.

அரங்கேற்றத்தன்று மேடை ராஜா மூச்சுவிடாமல் சுலோகம் பொழிந்தான். நிஜ ராஜா திருதிருவென்று விழித்தார். தான் பேசுவது தனக்கே புரியாவிட்டால் கோபம் வராதா?

"நிறுத்து! பாவம், ஜனங்களுக்கு ஒன்றும் புரியவில்லை!" என்றார், பழியை ஜனங்கள்மேல் போட்டு.

"சுலோகத்தில் குறையில்லை மகாராஜா. நடிகனின் உச்சரிப்புதான் கோளாறு," என்றார் பண்டிதர், கூசாமல்.

"அப்படியா? நாளைக்கும் இதே நாடகம். ராஜா வடமொழிதான் பேசவேண்டும். ஜனங்களுக்கு ஒவ்வொரு வார்த்தையும் புரியவேண்டும். இல்லையென்றால் இவன் தலை இருக்காது!"

ராஜா வேஷம் கட்டிய உத்பலன் கிரீடத்தோடு தன் தலையைப் பிடித்துக்கொண்டான். அமைச்சர் சாரகனுக்கு மனசு பொறுக்கவில்லை. எழுந்தார்.

"மகாராஜா, மேடையில் ராஜாவுக்கு ஒரு தோழன் இருக்கட்டும். ராஜா சொல்வதை அவன் பாகதத்தில் திருப்பிச் சொல்லட்டும்."

"பலே! யாரைப் போடலாம்?"

"வேலைக்காரன் ராஜாவுக்குத் தோழனாக முடியுமா? வடமொழியைக் கரைத்துக் குடித்த அந்தணராக இருக்கவேண்டும். பொருள் பிசகக்கூடாது, பாருங்கள். எழுதியவருக்குத் தெரியாத பொருளா?"

ராஜா திரும்பினார். "உம்மைத்தான் ஐயா!" என்றார். பண்டிதரின் வழுக்கை வியர்த்துக் கொட்டியது.

மறுநாள் உத்பலன் ஒரு சுலோகத்தை நீட்டி முழக்கினான். பண்டிதர் பல்லைக் கடித்துக்கொண்டு பொருள் சொன்னார்: "ராணி பிறந்தகம் போய்விட்டாளாம். இவருக்குத் தூக்கம் வரவில்லையாம்."

"அட, இவ்வளவுதானா!" என்று கூட்டம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. எல்லோரையும்விட உரக்கச் சிரித்தவர் ராஜா. உத்பலன் தலை தப்பியது. பண்டிதருக்கு ஒரு தட்டு மோதகம் பரிசு.

வேஷம் கலைக்கும்போது பண்டிதர் சீறினார்: "இந்தக் கோமாளிக்கூத்து இன்னும் எத்தனை நாளைக்கு ஓய்?"

"நாடகத்து ராஜா வடமொழி பேசுகிறவரைக்கும்தான், சுவாமி," என்றார் சாரகன்.