ஒயரைப் பிடுங்கிய பிறகு

சவரிமுத்து வெகுகாலம் ஸ்கேன் மெஷின் ரிப்பேர் பார்த்தவர். நிரல் எழுதக் கற்க வந்த இடத்தில் அவருக்கு வாய்த்த குரு மெஹருன்னிசா, வயதில் அவரைவிடச் சின்னவர். அதில் சவரிமுத்துவுக்கு வெட்கம் இல்லை. கர்வம் மட்டும் கொஞ்சம் மிச்சமிருந்தது.

தீவிர சிகிச்சைப் பிரிவுக்கான ‘டிரைவர்’ நிரலை அன்று எழுதி முடித்திருந்தார். நோயாளியின் மார்பில் ஒட்டிய சென்சார் சொல்வதைக் கணினிக்குள் கொண்டுசேர்க்கும் நிரல் அது. ஒரே கணினிதான் வார்டின் எல்லாப் படுக்கைகளையும் பார்த்துக்கொள்ளும். மறுநாள் அந்த நிரல் மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

சோதனை சென்சார்களின் துடிப்பு திரையில் வரிசையாக ஓடியது.

"நல்லாருக்கு," என்ற மெஹருன்னிசா ஒரு சென்சாரின் ஒயரைப் பிடுங்கினார்.

திரை மொத்தமும் இருண்டது.

"ஐயோ மேடம், அதை யாரு புடுங்கப் போறா?"

"கட்டிலைத் தள்ளும்போது நர்ஸ் கால் தட்டும். ஒருத்தருக்கு ஒயர் கழண்டா வார்டே குருடாகணுமா, சார்?"

சவரிமுத்து தன் நிரலை வரிவரியாகப் பார்த்தார். ஒயர் போன கையோடு கணினியின் நினைவகத்தில் அந்த சென்சாருக்கு ஒதுக்கிய இடத்தை அவர் நிரல் அழித்துவிடுகிறது. ஒயர் கழன்றதை நர்ஸுக்குச் சொல்லும் அலாரமோ இன்னும் அதைத்தான் படித்துக்கொண்டிருக்கிறது. இல்லாத இடத்தைத் தொட்டால் கணினி அடியோடு விழும்.

அழிக்கும் வரியை எடுத்துவிட்டார். விழவில்லை. ஆனால் ஒயரைக் கழற்றி மாட்ட மாட்ட, ஒவ்வொரு முறையும் புது இடம் சேர, பழைய இடங்கள் காலியாகாமல் அடைத்துக்கொண்டு, சாயங்காலத்துக்குள் கணினி திணறியது.

"அழிச்சா விழுது, அழிக்காட்டி திணறுது. எப்பதான் மேடம் அழிக்கிறது?"

மெஹருன்னிசா கீபோர்டைத் தன் பக்கம் இழுத்தார். நிரலில் சில வரிகளைத் திருத்திவிட்டு மறுபடி ஒயரைப் பிடுங்கினார்.

ஒரு கோடு மட்டும் நின்றது. மற்றவை ஓடின. அந்த சென்சாரைப் பிடித்திருந்த திரை, பதிவு, அலாரம் மூன்றுக்கும் அது போய்விட்ட சேதி போனது. திரை அதை விட்டது. பதிவும் விட்டது. சென்சார் மெஹருன்னிசாவின் கையில் தொங்கிக்கொண்டிருக்க, அது எந்தப் படுக்கை என்று அலாரம் இன்னும் அந்த இடத்தைப் படித்துக் கூவிக்கொண்டிருந்தது. சொல்லி முடித்து அதுவும் விட்டது. எத்தனை பேர் பிடித்திருக்கிறார்கள் என்ற எண்ணிக்கை பூஜ்யமாக, அந்தக் கணமே இடம் தானாகக் காலியானது.

சவரிமுத்துவுக்கு மெய்சிலிர்த்தது. தன்னையறியாமல் எழுந்து நின்றுவிட்டார்.

"யாரு மேடம் அழிச்சது?"

"கடைசியா விட்டவங்க."

"தான்தான் கடைசின்னு அவங்களுக்கு எப்படித் தெரியும்?"

"தெரியாது சார். அதனாலதான் விட்டதுக்கப்புறம் யாரும் அதைத் திரும்பத் தொடுறதில்லை."