நாயின் பத்தியம் அரசர் இலையில்

முன்னொரு காலத்தில் ஒரு ராஜா இருந்தார். எந்த ஊர் என்று கேட்காதீர்கள், ஊர்க்காரர்கள் சண்டைக்கு வந்துவிடுவார்கள். செவலை என்ற வேட்டைநாய் மீது அவருக்கு உயிர். ஒருநாள் நெய்ப்பொங்கல் சாப்பிட்ட குஷியில், "இனி என் இலையில் விழுவதுதான் செவலைக்கும் விழ வேண்டும். மீறியவன் தலை இருக்காது" என்று ஆணையிட்டுவிட்டார்.

பொங்கல், அதிரசம், பால்பாயசம் என்று நாய்க்கு ஒரு மாதம் ராஜபோகம். பாவம், உடம்பெல்லாம் சொறி, வயிறு உப்புசம், தூக்கம் கிடையாது, யாரைக் கண்டாலும் உறுமல். கடைசியில் சேனாதிபதியின் கெண்டைக்காலைப் பதம் பார்த்துவிட்டது. ராஜாவும்தான் எடுத்ததற்கெல்லாம் எரிந்து விழுந்தார். அதை யார் வாய் திறந்து சொல்வது?

சபை விகடகவி சாத்தப்பன் மேல் அமைச்சர் அரிகேசருக்கு வெகுநாள் வயிற்றெரிச்சல். "மன்னா, சாத்தப்பனாரின் மதிநுட்பத்தால் ஆகாததுண்டோ? பத்து நாளில் அவரே செவலையைச் சாந்தப்படுத்தட்டும்" என்று கொளுத்திப் போட்டார்.

"நல்லது. சமையற்கட்டு வரை உன் சொல்லே செல்லும். ஆனால் என் ஆணை மாறக் கூடாது. தவறினால் உன் தலை" என்றார் ராஜா.

சாத்தப்பன் நேராக நாய் வளர்க்கும் காளத்தியிடம் ஓடினான். "முன்னே இதுக்கு என்னப்பா போட்டே?"

"கம்பங்களியும் எலும்புச் சாறும்தான் சாமி. அப்போ குழந்தை மாதிரி இருந்துச்சு."

மறுநாள் அரசர் இலையில் கம்பங்களி விழுந்தது. பக்கத்தில் எலும்புச் சாறு.

"இது என்ன கொடுமை?"

"பத்து நாள் பத்தியம், பிரபு. தாங்கள் இருந்தால்தான் செவலை குணமாகும்."

நாய் மேல் வைத்த ஆசையில் ராஜா பல்லைக் கடித்துக்கொண்டு விழுங்கினார்.

பத்தாம் நாள் செவலை சபைக்கு வந்து, சேனாதிபதியின் அதே காலை நக்கிக் கொடுத்தது. நடுங்கியது சேனாதிபதிதான்.

அமைச்சருக்குப் பொறுக்கவில்லை. "மன்னா, மோசம் போனீர்கள். இத்தனை நாளும் இவர் தங்களுக்கு நாய்ச் சோறு போட்டிருக்கிறார்."

ராஜா விகடகவியைப் பார்த்தார்.

"உண்மையா, சாத்தப்பா?"

"உண்மைதான், பிரபு. தங்கள் இலையில் விழுவதுதான் அதற்கும் விழ வேண்டும் என்பது ஆணை. அதன் இலையை மட்டும் மாற்ற எனக்கு அதிகாரமில்லை. ஆகவே தங்கள் இலையை மாற்றினேன்."

"ராஜாவுக்கு நாய்ச் சோறு போட்டவனுக்கு என்ன தண்டனை, தெரியுமா?" என்று நிதானமாகக் கேட்டார் அரசர்.

"தெரியும், பிரபு. பத்து நாளுக்கு முன்பென்றால், அமைச்சர் சொல்லி முடிக்குமுன்னே என் தலை உருண்டிருக்கும். இன்று உட்கார்ந்து விசாரிக்கிறீர்கள். களி இருவருக்குமே ஒத்துக்கொண்டிருக்கிறது."

திரைக்குப் பின்னாலிருந்து முதலில் சிரித்தவர் மகாராணி. பத்து நாளாக அந்தப்புரத்தில் ஒரு திட்டுகூட விழவில்லையாம். அப்புறம் ராஜாவும் இடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். தம் முத்துமாலையைக் கழற்றிச் சாத்தப்பன் கழுத்தில் போட்டார். பிறகு அமைச்சர் பக்கம் திரும்பினார்.

"அரிகேசரே, நாளை முதல் உமக்கும் களிதான்."